கழுதைக்குக் கிடைத்த ஓலை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை வச்சிரபாகு மகாராஜா ஆண்டுவந்தார். பெயரைக் கேட்டு, வச்சிரம் போன்ற கை என்று நீங்கள் பயப்பட வேண்டாம். வாள் பிடிக்கும் கைதான். ஆனால் அந்தக் கை பெரும்பாலும் தலையணைக்கு அடியில் இருந்தது. காலையில் பலகாரம் ஆனதும் அவருக்கு ஒரு குட்டித் தூக்கம் வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்துவிடுவார். அந்த நாடு சுபிட்சமாக இருந்ததற்கு அந்தத் தூக்கம்தான் காரணம் என்பது என் கட்சி. தூங்குகிற ராஜா யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

ஒரு புதன்கிழமை, அந்தக் குட்டித் தூக்கத்தில் மகாராஜாவுக்கு ஒரு கனவு வந்தது. தேவேந்திரனே நேரில் வந்து, ஒரு பலாச்சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, தேனில் தோய்த்து, அவர் வாயருகே கொண்டுவந்தான். மகாராஜா வாயைத் திறந்தார்.

"மோரேய்... மோரு... மோரேய்!"

ஜன்னலுக்குக் கீழே தெருவிலிருந்து தினமும் வந்தும், அன்றுதான் அவர் காதில் விழுந்த குரல் அது. இந்திரன் மறைந்தான். சுளையும் அவனோடு போயிற்று. மகாராஜா திறந்த வாய் மூடாமல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

கூவியவள் மூக்காயி. இரண்டு எருமைகளும் ஒரு மோர்ப்பானையும் அந்தக் குரலும்தான் அவளுடைய சொத்து. கட்டியவன் போன பிறகு முப்பது வருஷமாக அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறு போட்டுவந்தது. அவளுக்கு மட்டுமா? அந்த ஊரில் நேரம் பார்க்க வேறு வழி கிடையாது. மூக்காயி கூவினால் தறியில் இருப்பவர்கள் கஞ்சி குடிக்க எழுந்திருப்பார்கள். தட்டார்கள் ஊதுகுழலைக் கீழே வைப்பார்கள். மதியச் சமையலுக்கு உலை வைக்கிறவர்கள் உலை வைப்பார்கள். அரண்மனையில் நாழிகை பார்க்கிற வட்டில் ஒன்று இருந்தது. தண்ணீரில் மிதக்கவிட்டால் அடியில் உள்ள துளை வழியாக நீர் ஏறி, ஒரு நாழிகைக்கு ஒரு முறை மூழ்க வேண்டும். அந்தத் துளை பெரிதாகிப்போய்ப் பல வருஷம் ஆயிற்று. அந்த வட்டிலை நம்பினால் பொழுது விடிவதற்குள் இரண்டு முறை மதியம் வந்துவிடும்.

இதெல்லாம் மகாராஜாவுக்குத் தெரியாது. ராஜாக்களுக்குத் தெரியாத விஷயம் தெருவில் நிறைய இருக்கிறது. அது நல்லதுதான், அவர்கள் விசாரிக்காத வரைக்கும்.

அன்று அவர் விசாரித்தார்.

"அந்த மோர்க்காரி தெருவில் கூவுவதற்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று சபையில் கேட்டார்.

பிரதான மந்திரி திருமேனிநாதர் மெல்ல எழுந்தார். "யாரும் கொடுக்கவில்லை, மகாராஜா. முப்பது வருஷமாக அப்படியேதான் கூவுகிறாள்."

"யாரும் கொடுக்காமலா முப்பது வருஷமாகக் கூவுகிறாள்?"

"அவள் மட்டுமா, மகாராஜா? உப்புக்காரன் கூவுகிறான். வளையல்காரி கூவுகிறாள். கிளி ஜோசியனும் கூவுகிறான், அவன் கிளியும் கூவுகிறது. எல்லாம் அவரவர் இஷ்டம்."

மகாராஜாவுக்குத் தலை சுற்றியது. தம்முடைய ஊரில், தம்முடைய தெருவில், தம்மைக் கேட்காமல் இத்தனை காரியம் நடக்கிறது என்பதை அவர் அன்றுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

திருமேனிநாதருக்கு இந்தச் சந்தர்ப்பம் போதும். அவர் வெகுநாளாக இரண்டு விஷயங்களுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். ஒன்று, ஊரார் தம் வாசலில் வந்து காத்து நிற்க வேண்டும். இன்னொன்று, அரசவை விகடன் தாண்டவன் ஊரைவிட்டே போக வேண்டும். பிரதானி மூன்று நாள் யோசித்துச் சொல்லும் யோசனையைத் தாண்டவன் ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் சொல்லிவிடுவான். ராஜா சிரிப்பார். பிரதானிக்கு வயிறு எரியும்.

அன்று மாலைக்குள் சட்டம் எழுதியாயிற்று. பிரதானியே சபையில் படித்தார்.

"இன்று முதல் இந்நகரின் தெருக்களில், அரண்மனை முத்திரையிட்ட ஓலை இல்லாமல், யாராயினும் எதுவாயினும் குரல் எழுப்புதல் கூடாது. ஓலை வேண்டுவோர் பிரதானியின் இல்லத்துக்கு வந்து தம் குரலைக் காட்ட வேண்டும். பிரதானி தம் இரு செவியாலும் கேட்டு, தக்க குரல் என்று கண்டால் மட்டுமே ஓலை வழங்குவார். மீறுவோரும், இச்சட்டத்தைச் சொல்லாலோ பாட்டாலோ சைகையாலோ இகழ்வோரும் நாடு கடத்தப்படுவர். மோர்க்காரி மூக்காயி அரசரின் துயிலைக் கலைத்த குற்றத்துக்காக, வெள்ளிக்கிழமைக்குள் ஓலை பெறாவிடில், அன்று மாலையே நகரைவிட்டு வெளியேற வேண்டும்."

படித்து முடித்துவிட்டுத் தாண்டவனைப் பார்த்தார். "இச்சட்டத்தை நிறைவேற்ற ஓசை அதிகாரி ஒருவர் வேண்டும், மகாராஜா. தாண்டவனைவிடத் தகுதியானவர் யார்?"

பொறி எப்படி வைத்திருக்கிறார் பாருங்கள். பதவியை ஏற்றால் தாண்டவனை நேசிக்கிற ஊரே அவனைக் காறித் துப்பும். மறுத்தால் சட்டத்தை இகழ்ந்ததாகச் சொல்லி எல்லைக்கு அப்பால் தள்ளிவிடலாம்.

தாண்டவன் எழுந்து, தரையில் தலை படும்படி வணங்கினான். "அற்புதமான சட்டம், மகாராஜா. ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. அடியேன் மனமார ஏற்கிறேன். பிரதானி அவர்களிடம் ஒரே ஒரு ஐயம். 'யாராயினும் எதுவாயினும்' என்று இருக்கிறதே, அது அப்படியே இருக்கட்டுமா?"

"அப்படியே இருக்கட்டும். யாருக்கும் எதற்கும் விலக்கு கிடையாது" என்றார் பிரதானி.

"உத்தரவு" என்றான் தாண்டவன்.

வேலை உடனே தொடங்கியது. தண்டோராக்காரர் முதல் தெருவில் பறையடித்துச் சட்டத்தைச் சொல்லி முடித்தார். இரண்டாவது தெருவில் கழியை ஓங்கியபோது, தாண்டவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஓலை இருக்கிறதா?" என்று காதோடு கேட்டான்.

"என்ன ஓலை? ராஜா சட்டத்தத்தானே சொல்லப்போறேன்?"

"அந்தச் சட்டம்தான் அமலுக்கு வந்துவிட்டதே. இப்போதுதானே நீர் அந்தத் தெருவில் சொன்னீர்? யாராயினும், எதுவாயினும்."

தண்டோராக்காரர் பறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொருவர் காதிலும் குசுகுசுவென்று சட்டத்தைச் சொன்னார். பாதிப் பேருக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. சிரித்தவர்களைத் தாண்டவன் உதட்டில் விரல் வைத்து வீட்டுக்குள் தள்ளினான்.

அன்று விளக்கு வைத்ததும் மூக்காயி தாண்டவன் வீட்டுக்குள் நுழைந்தாள். தெருவில் வாயை மூடிக்கொண்டு வந்தவள், வாசற்படி தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"ஏப்பா தாண்டவா, நீதான் ஓசை அதிகாரியாம்ல? நல்லா இருப்பா. ஒங்காத்தாளுக்குப் பேறுகாலத்துல மோர்க்கஞ்சி ஊத்துனவ நான். அந்த வயித்துல இருந்துதான நீ வந்த?"

"பெரியம்மா, உட்காருங்க."

"உட்காந்தா மோரு வித்துருமா? எருமைகிட்டப் போயி, ஓலை வர்ற வரைக்கும் பாலை அடக்கி வச்சுக்கன்னு சொல்ல முடியுமா? அது பாட்டுக்குக் கறக்குது. மோரு ஒரு நாள் தாங்கும், மறுநாளு புளிச்சு நாறும். கூவாம நான் எப்புடி விக்க? வீடு வீடா போயி எட்டிப் பாத்தா களவாணின்னு நெனப்பாக."

"நாளைக்குக் காலையில பிரதானி வீட்டு வாசல்ல வரிசை. முதல் ஆளா உங்களை நிறுத்துறேன்."

"அந்த மனுசன் எனக்கு ஓலை குடுப்பாரா?"

தாண்டவன் பொய் சொல்லவில்லை. "குடுக்க மாட்டார்."

மூக்காயி அப்போதுதான் உட்கார்ந்தாள். கோபம் போய், முகம் சின்னதாகிவிட்டது. "இந்த ஊரை விட்டா எனக்கு எந்த ஊரும் தெரியாதுப்பா. ரெண்டு எருமையையும் ஓட்டிக்கிட்டு இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதுக்குள்ள உங்க குரலுக்கு ஒரு வழி பொறந்துடும். பொறக்கலைன்னா நானும் உங்க கூட எருமை ஓட்டிக்கிட்டு வர்றேன். ஒண்ணே ஒண்ணு, சட்டத்தைத் திட்டாதீங்க. நானும் திட்ட மாட்டேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு கீழ்ப்படியப் போறோம். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, காதோட."

மறுநாள் வியாழக்கிழமை. அன்று மகாராஜாவுக்கு வாராந்திர விரதம். அரண்மனை மடைப்பள்ளியில் அன்று அடுப்பு மூட்டும் வழக்கம் கிடையாது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

காலையில் பிரதானி வாசல் கதவைத் திறந்தார். வரிசை நின்றது. தம் கனவு பலித்துவிட்டது என்று அவருக்குப் புல்லரித்தது. வரிசை அவர் வீட்டு வாசலில் தொடங்கி, தேர்முட்டியைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, மறுபடி அவர் வீட்டுக் கொல்லைக்கே வந்து சேர்ந்திருந்தது. நூற்றுக்கணக்கான ஜனம், ஒரு சத்தம் இல்லை. அத்தனை பேரும் வாயில் துணி கட்டியிருந்தார்கள். முன்னால் இரண்டு நெசவாளர்கள் ஒரு நீளத் துணியை விரித்துப் பிடித்திருந்தார்கள். அதில் எழுதியிருந்தது: 'மகாராஜா வாழ்க என்று சொல்ல விரும்புகிறோம். ஓலை வந்ததும் சொல்கிறோம்.'

பிரதானி அதை மூன்று முறை படித்தார். இகழ்ச்சி எங்கே இருக்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முற்றத்தில் ஆசனம் போட்டு உட்கார்ந்தார். தாண்டவன் பக்கத்தில் எழுத்தாணியோடு நின்றான். முதலில் மூக்காயி.

"கூவு" என்றார் பிரதானி.

முற்றம் வீட்டுக்குள்தானே, அங்கே தடை இல்லை. மூக்காயி மூச்சை இழுத்து, "மோரேய்... மோரு..." என்று கூவினாள்.

"கரகரப்பு. தள்ளுபடி" என்றார் பிரதானி. கண்ணைக்கூட உயர்த்தவில்லை.

மூக்காயி வாய்த்துணியை மறுபடி கட்டிக்கொண்டு போய்விட்டாள். தாண்டவனுக்கு ஒரு கணம் சிரிக்க மறந்துபோயிற்று. பிறகு எழுத்தாணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அடுத்தவர்" என்றான்.

அடுத்தவர் ஒரு வண்டிக்காரர். குரலுக்கு வந்தவர் அவர் இல்லை, அவர் வண்டிச்சக்கரம். "எதுவாயினும் என்று இருக்கிறது, ஸ்வாமி" என்று தாண்டவன் பணிவோடு நினைவூட்டினான். சக்கரத்தை முற்றத்தில் உருட்டினார்கள். அது கிறீச்சிட்டது. பிரதானி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அதற்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை. கிள்ள வேண்டியிருக்கவில்லை, பிரதானியின் மீசையைப் பார்த்ததும் அதுவே பாடியது. பிறகு பதினோரு சேவல்கள், தனித்தனியாக. நாள்பட்ட இருமல்காரர் ஒருவர். குறட்டைவிடும் காவற்காரர் ஒருவர். அவர் தூங்கும் வரையில் காத்திருந்து கேட்க வேண்டியிருந்தது. புதுச் செருப்பு வாங்கி அது சத்தம் போடுகிறது என்று வந்த ஒரு மனிதர், முற்றத்தை ஏழு சுற்று நடந்து காட்டினார்.

எல்லாவற்றையும் பிரதானி தள்ளுபடி செய்தார். தள்ளுபடியானவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். மறுபடி வரக் கூடாது என்று சட்டத்தில் இல்லை.

பிற்பகலில் உப்புக்காரர் கோட்டைச்சாமி தம் கழுதையோடு உள்ளே வந்தார். அதன் பெயர் ரத்தினம். கோட்டைச்சாமி அதன் காதருகே ஏதோ முணுமுணுத்தார். ரத்தினம் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, ஆரம்பித்தது.

"போதும். தள்ளுபடி" என்றார் பிரதானி.

ரத்தினம் நிறுத்தவில்லை.

"நிறுத்தச் சொல்."

"அது முடிவு தெரியாம நிறுத்தாதுங்க" என்றார் கோட்டைச்சாமி.

"முடிவைத்தான் சொல்லிவிட்டேனே, தள்ளுபடி என்று."

"அது தனக்குச் சாதகமான முடிவா இருந்தாத்தாங்க புரிஞ்சுக்கும்."

பிரதானி இரு செவியாலும் கேட்டார். சட்டத்தில் அவரே எழுதியது, ஆகவே காதைப் பொத்தவும் முடியாது. உள்ளே அவர் மனைவி பாத்திரத்தைக் கீழே போட்டாள். கூரையில் ஓடு ஒன்று சரிந்தது. கடைசியில் அவர் ஓர் ஓலையை இழுத்து, முத்திரையைக் குத்தி, "எடுத்துக்கொண்டு போ. என் கண்ணில் படாதே" என்றார். ரத்தினம் அந்தக் கணமே வாயை மூடிக்கொண்டது.

ஓலையைத் தாண்டவன் நூலில் கோத்துக் கழுதையின் கழுத்தில் கட்டினான். அந்த நாட்டில், முறைப்படி விண்ணப்பித்து, முறைப்படி குரல் காட்டி, முறைப்படி ஓலை வாங்கிய ஒரே பிரஜை அன்றைய தேதிக்கு அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை மகாராஜா கோயிலுக்குப் பவனி போவது வழக்கம். யானை, சங்கு, பேரிகை, கொம்பு எல்லாம் உண்டு. முன்னால் கட்டியங்காரர் தண்டத்தை ஊன்றிக்கொண்டு, மகாராஜாவின் நாற்பத்திரண்டு பட்டங்களையும் முழங்கிக்கொண்டே போவார். மகாராஜாவுக்குக் கோயிலைவிட இந்தப் பட்டங்களில்தான் பக்தி அதிகம் என்று சொல்வார்கள்.

மகாராஜா யானைமேல் ஏறி அமர்ந்து, புன்னகையைத் தயார் செய்துகொண்டு, கோட்டை வாசலைக் கடந்து தெருவுக்கு வந்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

பேரிகைக்காரர்கள் பேரிகைமேல் கழியை வைத்துக்கொண்டு சும்மா நடந்தார்கள். சங்கூதுகிறவர் சங்கைக் கோயில் உண்டைக்கட்டி மாதிரி கையில் ஏந்திக்கொண்டிருந்தார். யானையின் மணி நாக்கில் துணி சுற்றியிருந்தது. கட்டியங்காரர் வாயில் துணி கட்டி, ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு விரலை நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். பத்தைத் தாண்டியதும் கால்விரலுக்குப் போக முடியாமல் தவித்தார். தெருவின் இரண்டு பக்கமும் ஊர் முழுவதும் நின்றது. வாய்களில் துணி; தலைக்கு மேல் அந்த நீளத் துணி: 'மகாராஜா வாழ்க என்று சொல்ல விரும்புகிறோம்.'

ராஜா வருவதே தெரியாமல், தெரு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். யானை நின்று, துதிக்கையால் அவரை மரியாதையாக ஓரத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் தாண்டவன் ரத்தினத்தை ஓட்டிக்கொண்டு முன்னால் வந்தான். கட்டியங்காரருக்கு முன்னால் அதை நிறுத்தினான். கழுத்து ஓலையை உயர்த்தி, முத்திரையை எல்லோருக்கும் காட்டினான். கோட்டைச்சாமி அதன் காதருகே குனிந்தார்.

அந்த அமைதியில் ரத்தினம் முழங்கியது. நாற்பத்திரண்டு பட்டத்துக்கும் ஒன்றும் குறை வைக்கவில்லை.

ஜனங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். சிரித்தால் குரல்; குரலுக்கு ஓலை இல்லை. ஊரே கன்னத்தை உப்பிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய நின்றது. ஒரு கிழவர் அடக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்துவிட்டு வந்தார்.

மகாராஜாவின் முகம் சிவந்தது. பின்னால் பல்லக்கில் வந்த பிரதானி வெளியே குதித்தார். "நிறுத்து அந்தக் கழுதையை! யாரடா அங்கே! பிடியுங்கள் இவனை!" என்று தெருவே அதிரும்படி கத்தினார்.

தாண்டவன் வணங்கினான். இடுப்பிலிருந்து ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்து எழுதினான். எழுதியதைப் பிரதானியிடம் காட்டினான். 'பிரதானி அவர்கள். குரல் ஒன்று. உரத்தது. ஓலை இல்லை.'

பிரதானி சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மகாராஜா கோயிலுக்குப் போகவில்லை. யானையைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். அரண்மனைக்குள் வந்து, மாடத்தில் அமர்ந்து, தாண்டவனையும் பிரதானியையும் எதிரில் நிறுத்தினார்.

"தாண்டவா, எம்மைப் பரிகாசம் செய்தாயா?"

"இல்லை, மகாராஜா. சட்டத்தை நிறைவேற்றினேன். தங்கள் பெருமையைத் தெருவில் கூறத் தகுதி பெற்ற குரல் நகரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிரதானி அவர்களே தம் இரு செவியாலும் கேட்டுத் தேர்ந்த குரல் அது."

மகாராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி தூணைப் பார்த்தார்.

"உம்முடைய விசாரணை சாப்பாட்டுக்குப் பிறகு" என்றார் மகாராஜா. நேற்று விரதம், இன்று பவனி என்று காலைப் பலகாரமும் இல்லை. அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "உணவு கொண்டுவரச் சொல்லுங்கள்."

மடைப்பள்ளித் தலைவர் நாகசாமி வந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"மகாராஜா, இன்னும் உலை வைக்கவில்லை."

"உச்சிப் பொழுது ஆகிவிட்டது. ஏன் வைக்கவில்லை?"

"மூக்காயி இன்னும் கூவவில்லையே, மகாராஜா."

"மூக்காயி கூவுவதற்கும் உலைக்கும் என்ன சம்பந்தம்?"

நாகசாமி குழம்பினார். இது தெரியாத மனிதரும் ஊரில் இருப்பாரா என்று அவருக்குத் தோன்றியது. "அவள் கூவினால் உலை வைப்போம், மகாராஜா. என் தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான். அவள் அந்த முனை திரும்பும்போது அரிசி களைந்தால், தாங்கள் துயில் எழுந்து முகம் கழுவி வரும்போது சாதம் பதமாக இருக்கும். இன்று காலையிலிருந்து அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பொழுது போனதே தெரியவில்லை. இனி வைத்தால் இரண்டு நாழிகை ஆகும்."

தம்மை எழுப்பிய குரலும் தமக்குச் சோறு வைத்த குரலும் ஒன்றுதான் என்பது மகாராஜாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வயிறு உரக்க ஒரு சத்தம் போட்டது. அரண்மனைக்குள்தான், ஆகவே குற்றமில்லை.

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். கீழே தெருவில், எப்போதும் நிற்கும் இடத்தில், மூக்காயி நின்றுகொண்டிருந்தாள். காலடியில் பானை. தாண்டவன் சொன்னபடி உச்சி வரை நின்றுவிட்டாள். தலைக்கு நேரே சூரியன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சும்மாட்டைத் தலையில் வைத்து, பானையைத் தூக்க ஆயத்தம் செய்தாள். எருமைகளை அவிழ்த்து ஊர் எல்லைக்கு ஓட்டிப் போக வேண்டும், மாலைக்குள்.

பானையின் வாயை மூடியிருந்த துணி விலகியது. வெள்ளை வெளேரென்று மோர். மேலே கறிவேப்பிலை மிதந்தது.

"பிரதானியாரே, அவளைக் கூப்பிடும்" என்றார் மகாராஜா.

"மகாராஜா... என் பெயரில் ஏற்கெனவே ஒரு குரல் பதிவாகியிருக்கிறது."

"ஓர் ஓலையையாவது எழுதிக் கொடும்."

"அவள் குரல் தள்ளுபடியாயிற்று. மறுபடி வரிசையில் வந்தால்... முன்னால் பதினோரு சேவல்கள் இருக்கின்றன, மகாராஜா."

மூக்காயி பானையைத் தலையில் ஏற்றிவிட்டாள். ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி வைத்தாள். ஆளை அனுப்பினால் மூன்று கட்டு இறங்கி, நான்கு வாசல் தாண்டுவதற்குள் அவள் முனை திரும்பிவிடுவாள்.

மகாராஜா இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, முழு மூச்சும் சேர்த்துக் கத்தினார்.

"மூக்காயீ! மோரு கொண்டா!"

தெரு திரும்பிப் பார்த்தது. தறிக்காரர்கள், தட்டார்கள், வளையல்காரி, கிளி, எல்லோரும் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். மகாராஜா மறுபடி ஒரு முறை திறந்த வாய் மூடாமல் நின்றார்.

தாண்டவன் மெல்லப் பக்கத்தில் வந்தான். இடுப்பிலிருந்து ஓலையை எடுத்தான். அவன் குரலில் கேலி இல்லை, பணிவுதான் இருந்தது.

"மகாராஜா, தெருவில் கூவுவதற்குத் தங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

மகாராஜா அவனைப் பார்த்தார். பிறகு வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "இதுதான்."

"அவளுக்கும் அதுதான் கொடுத்தது, மகாராஜா. முப்பது வருஷமாக."

முதலில் மகாராஜாவின் தொந்தி குலுங்கியது. பிறகு தோள். பிறகு கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி விழுந்து விழுந்து சிரித்தார். அதுவரை கன்னத்தில் அடக்கி வைத்திருந்த ஊர், இனி அடக்க வேண்டாம் என்று தெரிந்ததும் மொத்தமாகச் சிரித்தது. வாய்த்துணிகள் பறந்தன. எங்கோ ரத்தினமும் சேர்ந்துகொண்டது. அதற்கு ஓலையும் இருந்தது.

மூக்காயியைப் பானையோடு மாடத்துக்குக் கூட்டி வந்தார்கள். மகாராஜா மூன்று சொம்பு மோர் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"சட்டம் ரத்து" என்றார். "ஆனால் பிரதானியார் சட்டம் நடப்பில் இருந்தபோதே தெருவில் கத்தியிருக்கிறார். நியாயப்படி நாடு கடத்த வேண்டும். அவர் இங்கே இருக்க விரும்பினால் ஓலை வாங்கட்டும். குரலைக் கேட்டு முடிவு சொல்ல வேண்டியது மூக்காயி."

திருமேனிநாதர் கெஞ்சும் கண்களோடு மூக்காயி முன்னால் நின்றார்.

"கூவுங்க" என்றாள் அவள்.

"என்ன... என்னவென்று கூவுவது?"

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். மோருன்னு கூவுங்க."

பிரதானி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மோர்... மோர்..." என்றார். மூக்காயி தலையைச் சாய்த்து, இரண்டு காதாலும் பொறுமையாகக் கேட்டாள்.

"கரகரங்குது. தள்ளுபடி" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்கே மனசு கேட்கவில்லை. "சரி, போகட்டும் ராசா. ஊருல இருந்துட்டுப் போறாரு. யாரு கொரலு எப்புடி இருந்தா எனக்கென்ன?" என்று ஒரு சொம்பு மோரை அவர் கையிலும் கொடுத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார்.

"தாண்டவா, உனக்கு என்ன பரிசு வேண்டும்? எதுவாயினும் கேள்" என்றார் மகாராஜா.

"எதுவாயினும் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது பயமாக இருக்கிறது, மகாராஜா. எனக்கு ஒன்றும் தர வேண்டாம். நாளை முற்பகல் அந்தக் குரல் கேட்கும்போது, தாங்கள் எழுந்து உட்கார்ந்து சட்டம் எதுவும் யோசிக்காமல், மறுபக்கம் புரண்டு படுத்தால் போதும். அடியேனுக்கு அதுவே பெரிய பரிசு."

மகாராஜா மறுபடி சிரித்து, தம் தோளில் இருந்த சரிகைச் சால்வையை எடுத்து அவன் தோளில் போர்த்தினார். கேட்ட பரிசையும் கொடுத்தார். சனிக்கிழமை முற்பகல், தேவேந்திரன் பலாச்சுளையோடு வாயருகே வந்த அதே நேரத்தில், "மோரேய்... மோரு..." என்று குரல் கேட்டது. மகாராஜா கண்ணைத் திறந்தார். மடைப்பள்ளியில் அரிசி களையும் சத்தம் கேட்டது. புரண்டு படுத்துக்கொண்டார்.

சரிகைச் சால்வையை அதற்குப் பிறகு தாண்டவன் தோளில் யாரும் பார்க்கவில்லை. ரத்தினத்தின் முதுகில் பார்த்தவர்கள் உண்டு. அந்த ஊரில் ஓலை வைத்துக்கொண்டு கத்தியது அந்தக் கழுதை ஒன்றுதான். ஓலை இல்லாமல் கத்தியவர்கள் மற்ற எல்லோரும். எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தார்கள்.